வாத்தியார் மேல் வந்த சந்தேகம்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு பிரயாணம்

சென்னைக்கு முதல் தடவையாக வரும் விருந்தாளியை நாம் எங்கெல்லாம் அழைத்துப் போகிறோம்? மெரினா கடற்கரை, மயிலாப்பூர்க் கோயில், அடையாற்று ஆலமரம், கடைசியில் தியாகராயநகரில் ஒரு ஜவுளிக் கடை. "பட்டணம் பார்த்தாயிற்று" என்று அவரும் திருப்தியோடு ரயில் ஏறிவிடுகிறார். கோட்டைக்கு வடக்கே இன்னொரு பட்டணம் இருக்கிறது; அவர் மத்தியானம் சாப்பிட்ட வஞ்சிரமும், அவர் ஏறிய பஸ்ஸும், அந்தப் பஸ்ஸின் டயரும் அங்கிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

சமீபத்தில் அந்த வடக்குப் பட்டணத்துக்குப் பிரயாணமானேன். கையில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு கோஷ்டியின் ரசிகர்களுக்குத் தங்கள் பயிற்சியாளர் மேல் இருக்கும் நம்பிக்கை முதல் முதலாக எப்போது போகிறது?

இதைக் கேட்க வட சென்னைக்குப் போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மற்ற ஊர்களில் வாத்தியார் என்றால் பள்ளிக்கூடமும் பிரம்பும் ஞாபகத்துக்கு வரும். ராயபுரத்திலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும் வாத்தியார் என்றால் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பவர். எம்.ஜி.ஆருக்கு ஜனங்கள் ஆசையாகச் சூட்டிய பெயரும் அதுதான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதிய வட்டாரம் இது. 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு அந்தப் பெயர்கள் தமிழ்நாடு முழுவதும் தெரிந்துவிட்டன. பரம்பரைக்குள் வாத்தியார் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. எவன் மேடை ஏறுவது, எவன் இன்னும் ஆறு மாதம் காத்திருப்பது என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. இவ்வளவு தூரம் வாத்தியாரை நம்புகிற ஜனங்களுக்குத்தானே நம்பிக்கை எப்படிப் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்!

வெறும் வலை

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. உயரமான தூண்களோடு நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தால், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது போல இருக்கிறது. எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்விட்டன. ராயபுரத்துக்கு அதைப் பற்றிப் புகார் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து காசிமேடு மீன்பிடி துறைமுகம் கூப்பிடு தூரம். விடியற்காலையில் போனால் உங்களை யாரும் "வாருங்கள்" என்று சொல்ல மாட்டார்கள், "ஒத்து, ஒத்து!" என்றுதான் சொல்வார்கள். ஐஸ் கட்டி ஏற்றிய வண்டி ஒரு பக்கம், மீன் கூடை ஒரு பக்கம், ஏலம் கூறும் குரல் ஒரு பக்கம். இந்தச் சந்தடியில், கரையோரம் குந்தி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், மீனு வாங்க வந்தீங்களா, படம் புடிக்க வந்தீங்களா?"

"பேச வந்தேன், ஐயா."

"பேசறதுக்குக் காசு கெடையாது. குந்துங்க."

விசைப்படகை ஓட்டுகிறவரை இங்கே டிரைவர் என்கிறார்கள். அவர் ஸ்டீரிங் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. எந்தப் பக்கம் போவது, எங்கே வலை விடுவது, எப்போது கரை திரும்புவது என்று தீர்மானிப்பவரும் அவர்தான். டீசல், ஐஸ் செலவெல்லாம் போக மிஞ்சுவதில் ஆட்களுக்குப் பங்கு. ஆகவே டிரைவரின் கணக்குத் தப்பினால் பத்து வீட்டில் அடுப்புக் கணக்கு தப்பும். அவரை நம்பித்தான் படகில் கால் வைக்க வேண்டும். நடுக்கடலில் இறங்கி வேறு படகுக்கு மாற முடியாது. அப்படிப்பட்டவர் மேல் ஆட்களுக்கு எப்போது நம்பிக்கை போகும் என்று கேட்டேன்.

"மீனு கெடைக்காட்டியா? அதுக்கெல்லாம் போவாது சார். கடலு குடுக்கறப்போதான் குடுக்கும். நாலு வாட்டி வெறும் வலை வந்தாலும் டீ குடிச்சுட்டு அஞ்சாவது வாட்டி போடுவோம். ஆனா ஒண்ணு. இந்தாண்ட மீனு இல்லன்னு எங்க கண்ணுக்கே தெரியுது. அவரு 'இருக்கு, இருக்கு'ன்னு அங்கியே சுத்திக்கினு கெடக்காரு. ஏன்னு கேட்டா பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரி துன்னுட்டு எல்லாம் சும்மா படுத்துக்குவானுங்க. கரைக்கு வந்ததும் ரெண்டு பேரு வேற படகுக்குப் போயிடுவான். அவ்ளோதான்."

"சண்டை போட மாட்டார்களா?"

பெரியவர் சிரித்தார். "சண்டை போட்டான்னா இன்னும் நம்பறான்னு அர்த்தம் சார்."

என் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்காக வடக்கே நடந்தேன்.

முஹம்மது அலியின் நாற்காலி

நடக்கும் வழியில் ஒரு பழைய கதை. 1980-ஆம் வருஷ ஆரம்பத்தில் குத்துச்சண்டை மகாராஜா முஹம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வட சென்னையின் வாத்தியார்களுக்கும் சிஷ்யர்களுக்கும் அதைவிடப் பெரிய திருவிழா வேறென்ன இருக்க முடியும்?

அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் அலி, லாரி ஹோம்ஸ் என்ற இளைஞரோடு மோதினார். அலிக்கு வயது 38. பத்து ரவுண்டு வரை அடி வாங்கினார். பதினோராவது ரவுண்டுக்கு மணி அடிப்பதற்குள் அலியின் வாத்தியாரான ஏஞ்சலோ டண்டீ, "போதும்" என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அலி மூலை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாகத் தம் பக்கத்தில் நின்றவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். அலி அதை ஏற்றுக்கொண்டார். உலகமெங்கும் ரசிகர்கள் அன்று கண்ணீர் விட்டிருப்பார்கள். டண்டீயை நம்பாமல் போனவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகமே. தோற்ற அன்றைக்கே வாத்தியார் மேல் மரியாதை கூடுவதும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.

கோப்பையும் அடிமட்டமும்

தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடை. நீல பனியன் போட்ட மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலம் என்றால் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் நிறம் என்பது விளையாட்டுப் பக்கம் படிக்கும் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறார். ஒருவர் கல்லூரி மாணவர். மூன்றாமவர் வேலை தேடிக்கொண்டிருப்பதாக மற்ற இருவரும் சொன்னார்கள்.

அவர்கள் சொல்லப் போவது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பூர்வ கதை வேண்டும்.

இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் ஆரம்பித்தபோதே பிறந்த அணி இது. 2015-ல் இதன் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேனிடம் தலை முட்டு வாங்கினாரே, அவரேதான். அந்தப் பருவத்தில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக ஜெயித்து அரை இறுதிக்கு வந்தது. அதற்குள் சென்னையே டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதால், சொந்த ஊரில் ஆட வேண்டிய அரை இறுதியைப் பூனாவில் போய் ஆடினார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கிட்டத்தட்ட 90-வது நிமிஷம்வரை கோவா 2–1 என்று முன்னால் நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் 3–2 என்று சென்னைக்குக் கோப்பை! அன்று முதல் சென்னை ரசிகர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: அடியில் கிடக்கிறானே என்று வாத்தியாரைக் கைவிடாதே.

2017-ல் வந்தார் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரகரி. முதல் பருவத்திலேயே அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டு போனார். 2018 மார்ச் 13-ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் நடந்த அரை இறுதியில் கோவாவை 3–0 என்று வென்றபோது, ஜெஜே இரண்டு கோல் போட, இன்னொரு கோலைப் போட்டவர் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். ஸ்டேடியத்திலிருந்து வியாசர்பாடி நாலைந்து கிலோமீட்டர்தான். குடிசைப் பகுதிகளுக்கு நடுவே பையன்கள் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகிய பேட்டை அது. அந்த ஒரு கோலுக்கு வட சென்னையில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக்கூட வெடித்திருக்குமா என்று தெரியாது என்றார் யார்டு நண்பர். நாலு நாள் கழித்து, 17-ஆம் தேதி, பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பை.

அடுத்த பருவம் வந்தது. அதே வாத்தியார். கோப்பையைத் தூக்கிய காப்டன் ஹென்ரிக் செரினோ போய்விட்டார். தனபால் கணேஷுக்கு முழங்காலில் காயம். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் வடகிழக்கு அணிக்கு எதிராக, சொந்த மைதானத்தில் 3–1 என்று முன்னால் இருந்து 3–4 என்று தோற்றார்கள். எதிரணியின் ஒக்பெச்சே ஒருவரே மூன்று கோல். பருவம் முடிந்தபோது கணக்கு இது: 18 ஆட்டம், 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. 10 அணிகளில் 10-வது இடம். சாம்பியன் பட்டத்தோடு உள்ளே நுழைந்த அணி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வெளியே வந்தது.

கிரகரியைப் போகச் சொன்னார்களா? இல்லை. அடுத்த பருவமும் அவர்தான். 2019 அக்டோபர் 23-ஆம் தேதி கோவாவில் 0–3. இரண்டு நாள் கழித்து தியேட்டர்களில் 'பிகில்' வெளியானது. வட சென்னைப் பையன் ஒருவன் கால்பந்துப் பயிற்சியாளராகி, முதலில் தன்னை நம்பாத அணியைத் தன் பக்கம் திருப்பும் கதை. திரையில் விஜய் கோப்பையை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில், நேரு ஸ்டேடியத்தில் பந்து வலைக்குள் போக மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில், நவம்பர் 25-ஆம் தேதி, ஐதராபாத்தை 2–1 என்று ஒருவழியாக வென்றார்கள். ஆறாவது சமன். நவம்பர் 30-ஆம் தேதி கிரகரி விடைபெற்றார்.

"அவர் மேல் உங்களுக்கு நம்பிக்கை முதலில் போனது எந்த ஆட்டத்தில்?" என்று மூவரையும் கேட்டேன்.

"அந்த நாலு–மூணு ஆட்டம் சார்" என்றார் யார்டு நண்பர் யோசிக்காமல். "மூணு கோல் போட்டுட்டோம். அப்புறம் நடுவுல ஆளே இல்ல. மேல குந்திக்கினு பாக்கற எங்களுக்குத் தெரியுது. கீழ நிக்கறவருக்குத் தெரியாதா?"

"போடா, அன்னிக்கு நீ எவ்ளோ கத்தின! நம்பிக்கை போனவனா அப்படிக் கத்துவான்?" என்றார் மாணவர். "எனக்கு அடுத்த வருஷம்தான் போச்சு சார். மூணாவது ஆட்டமும் கோல் இல்ல. பக்கத்துல இருந்தவரு ஒரு ஜோக் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் நெனைச்சேன். தோத்துட்டு வந்திருக்கோம், நான் சிரிச்சிருக்கேன்னு."

மூன்றாமவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எப்போ போச்சுன்னே தெரியல சார். ஒருநாள் மேட்ச் இருக்குன்னே மறந்துட்டேன்" என்றார்.

காசிமேட்டுப் பெரியவர் சொன்னதையே இவர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். ரசிகர் கத்துகிறவரை, பயிற்சியாளரைத் திட்டுகிறவரை, "அந்த ஆளை எடு, இந்த ஆளைப் போடு" என்று மேலேயிருந்து உத்தரவு போடுகிறவரை, அவர் மனசு அணியோடுதான் இருக்கிறது. தம் குரல் கீழே கேட்கும் என்று நம்பித்தானே கத்துகிறார்! சிரிக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. மறந்து போனால் எல்லாம் முடிந்தது.

ரசிகரின் சந்தேகம் நியாயந்தானா என்பது வேறு கேள்வி. கிரகரி போன பிறகு ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் வந்தார். அதே ஆட்டக்காரர்கள் மளமளவென்று ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கே போனார்கள். 2020 மார்ச் 14-ஆம் தேதி, கொரோனா பயத்தில் ஆளில்லாத கோவா ஸ்டேடியத்தில் கல்கத்தா அணியிடம் 1–3 என்று தோற்றார்கள். ஆகவே இங்கே ரசிகர் கண் தப்பவில்லை. ஆனால் 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவர், மூன்று வருஷமாகச் சாக்குப்போக்குத்தான் கேட்கிறோம், போய் வாருங்கள் என்ற கருத்தில் மைதானத்தில் துணி விரித்துக் காட்டினார். துணியில் இருந்த பெயர் அலெக்ஸ் ஃபெர்குஸன். அவர் போகவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் ஒரு கோப்பை. 2013-ல் ஓய்வு பெறுவதற்குள் 13 லீக் பட்டங்கள். நம் தேசத்திலேயே 2005 நவம்பர் 25-ஆம் தேதி, கங்குலியை விட்டுவிட்டு வந்த இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியைக் கல்கத்தா ஜனங்கள் ஈடன் தோட்டத்தில் கூச்சலிட்டு வரவேற்று, எதிரணிக்குக் கைதட்டினார்கள். கோபமெல்லாம் பயிற்சியாளர் கிரெக் சாப்பல் மேல். 2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே திரும்பி வந்தபோது, அவரும் ராஜினாமாச் செய்தார். ரசிகர் ஒருமுறை சரியாகச் சொல்கிறார், ஒருமுறை தப்பாகச் சொல்கிறார். ஆனால் கத்திச் சொல்கிறவரை அவரோடு பேசிப் பார்க்கலாம்.

மகிழ மரத்தடி

டீக்கு யார்டு நண்பர் காசு கொடுத்துவிட்டார். நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "எங்க ஏரியாவுக்கு வந்துட்டு நீங்க குடுக்கறதாவது" என்று கண்டித்தார். மூவரிடமும் விடைபெற்று மெட்ரோ ரயில் ஏறினேன். வண்ணாரப்பேட்டையோடு நின்ற ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டுவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடலும் கிரேன்களும், மறு பக்கம் ஆலைக் கூரைகளும் கோயில் கோபுரமும் தெரிகின்றன. திருவொற்றியூர் தேரடியில் இறங்கினேன்.

தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் நுழைந்தால் நம்பிக்கையைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று காத்திருக்கிறது. சுந்தரர் இவ்வூரில் சங்கிலியாரை மணக்க ஆசைப்பட்டார். "உன்னைப் பிரியேன்" என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கோயிலில் செய்கிற சத்தியத்தின்போது சற்று எழுந்து மகிழ மரத்தில் போய் இருக்கும்படி அவர் சுவாமியிடமே ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டார். சுவாமியோ சங்கிலியாரிடம், "சத்தியத்தை மகிழடியில் வாங்கு" என்று சொல்லிவிட்டார்! சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கே சத்தியம் செய்தார். பிற்பாடு திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார்; இரண்டு கண்ணும் போயின. பெரிய பக்தர்தான், சுவாமிக்குத் தோழர்தான். ஆனாலும் கொடுத்த வார்த்தைக்குச் சலுகை இல்லை என்பது இந்த ஊரின் சட்டம். பழைய கோப்பையைக் காட்டிப் புதிய தோல்விக்கு மன்னிப்பு வாங்க நினைக்கும் பயிற்சியாளர் யாராயிருந்தாலும் இந்த மகிழ மரத்தை ஒருமுறை சுற்றி வரலாம்.

இதே திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆயிற்று. அந்தக் கம்பெனி 1987-ல் சென்னையில் வேகப்பந்து வீச்சுப் பள்ளி தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை வாத்தியாராகக் கொண்டு வந்தது. வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்ற ஆசையோடு பம்பாயிலிருந்து ஒரு பையன் வந்தான். லில்லி பார்த்தார், பந்து வீச்சு உனக்குச் சரிப்படாது, மட்டையைக் கவனி என்று திருப்பி அனுப்பினார். பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர். உள்ளதை முதல் நாளே சொன்ன வாத்தியார் மேல் அந்தப் பையனுக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதால் நமக்கு எத்தனை சாயங்காலங்கள் லாபம்!

எண்ணூர்

விம்கோ நகர் என்ற பெயர் அங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்தது. அங்கிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலில் இரண்டே ஸ்டேஷன். அசோக் லேலண்டு தொழிற்சாலை இந்தப் பக்கத்தில்தான். 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நிறுத்தப்பட்ட அனல் மின் நிலையமும் இங்கேதான். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த குப்பங்கள், சாம்பலுக்கும் கழிவுக்கும் நடுவே இன்னும் வலை வீசுகின்றன.

எண்ணூர்க்காரர்கள் விளக்கம் கேட்பதில் பழுத்தவர்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஆரம்பத்தில் எண்ணெய்க் கசிவு பெரிதல்ல என்று சொல்லப்பட்டது. பிறகு கரையெல்லாம் கறுத்தது. எத்தனையோ பேர் கையுறை மாட்டி, வாளி வாளியாக எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அமோனியா வாயு கசிந்து, தூங்கிய ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில், கண் ஒன்று சொல்ல வாய் ஒன்று சொல்லும் மனிதரை அடையாளம் காணக் குழந்தைக்கும் தெரியும்.

இதனால்தான் இந்த வட்டாரத்து ரசிகரின் நம்பிக்கைக்கு மதிப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பந்தாட்டம் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, சுங்க இலாகா என்று கால்பந்துக் கோஷ்டி வைத்திருக்கும் ஸ்தாபனங்களில், நன்றாக ஆடுகிற பையனுக்கு ஓர் உத்தியோகம் கிடைக்கலாம். ஒரு குடும்பமே கரையேறலாம். பையனை மைதானத்தில் இறக்குவதா, பெஞ்சில் உட்கார வைப்பதா என்று முடிவு செய்யும் வாத்தியாரின் கையில் அந்த வீட்டு வாடகையும் இருக்கிறது. அப்படிப்பட்ட கையைச் சுலபத்தில் சந்தேகிக்க முடியாது. ஆகவே இவர்கள் தாமதமாகத்தான் நம்பிக்கையை இழக்கிறார்கள். கோப்பை வாங்கித் தந்தவரைப் பதின்மூன்று தோல்விக்குப் பிறகும் பொறுத்துக்கொண்டார்கள். வாத்தியார் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்ததைச் சொல்லட்டும், கேட்டால் பதில் சொல்லட்டும், இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

சாயங்காலம் முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணலில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் செருப்புக் குவியல். லுங்கியை மடித்துக் கட்டிய நடு வயதுக்காரர் ஒருவர் ஓரத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். கடைசி நிமிஷத்தில் அவர் பக்கத்துப் பையன்கள் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். உடனே அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா மாஸ்டர், அவனை எதுக்கு வெளிய எடுத்தே?"

"அவன் கால் நொண்டினான்டா. நான் பார்த்தேன்."

"நொண்டல! சும்மா நடந்தான்!"

"நாளைக்கு அவன் கால் வீங்கலேன்னா வந்து கேளு."

ஐந்து நிமிஷம் ஒரே கூச்சல். ஒரு பொடியன் விசிலைப் பிடுங்கிக்கொண்டு ஓட, மாஸ்டர் அவனைத் துரத்திக்கொண்டு மணலில் ஓடினார். அந்த மனிதருக்கு இப்போதைக்கு ஒரு குறைவும் வராது என்று நினைத்துக்கொண்டு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.